சந்திரகாந்தக் கல்லும் செம்புக் கம்பியும்

மெருகேற்றாத கல்லைக் கம்பியால் கட்டிக் கழுத்தில் அணிவது இலங்கையிலும் இந்தியாவிலும் பழைய வழக்கமல்ல. நம் பத்தர்கள் கல்லை வழுவழுப்பாக்கிக் குந்தனத்தில் பதித்தார்கள், இல்லையென்றால் துளையிட்டு மணியாகக் கோத்தார்கள். கம்பி சுற்றும் வேலை வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் இடங்களில் வேர்பிடித்தது. இலங்கையில் ஹிக்கடுவை, உனவட்டுன, அறுகம்குடா. இந்தியாவில் கோவாவின் அஞ்சுனா சந்தை, புஷ்கர், ரிஷிகேஷ். கடையில் தொங்கும்போது இரு நாட்டுக் கட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் வேறு வேறு வேலை என்பது புரிந்துவிடும். அந்த வேறுபாட்டுக்குச் சந்திரகாந்தக் கல்லைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை, இரண்டு மண்ணிலும் அது விளைகிறது என்பதால்.

இலங்கையில் அதன் ஊர் காலி மாவட்டத்தின் மீட்டியாகொட. அம்பலாங்கொடைக்கு அருகில், தென்னையும் கறுவாவும் வளரும் பூமி. இரத்தினபுரியில் மாணிக்கக் கற்கள் ஆற்றுச் சரளையோடு உருண்டு வந்து படிந்தவை. மீட்டியாகொடக் கல் அப்படி உருண்டதில்லை, பாறை மட்கிய வெண்களிமண்ணுக்குள் பிறந்த இடத்திலேயே கிடக்கிறது. மரச்சட்டம் கட்டிய குழிக்குள் இறங்கி, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே தோண்டி எடுக்கிறார்கள். நல்ல துண்டில் ஒரு நீல ஒளி மிதக்கும். கல்லுக்குள் இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் மெல்லிய ஏடுகளாக மாறி மாறி அடுக்கியிருப்பதால் வருவது அது. ஏடு மெலிந்திருந்தால் நீலம், தடித்திருந்தால் வெண்மை.

தமிழ்நாட்டில் அதன் ஊர் காங்கயம் வட்டாரம். இங்கே நீலம் அரிது. வெள்ளை, சாம்பல், பீச் பழ நிறம் என்று வரும். சிவன்மலை, படியூர்ப் பக்கத்து மண்ணுக்குக் கல் புதிதல்ல. படியூரின் நீலப்பச்சைக் கல் ரோமானியர் காலத்திலிருந்தே பேர்போனது. நொய்யல் கரையின் கொடுமணலில் அகழ்ந்தபோது மணி செய்த பட்டறைகளின் தடயங்களே கிடைத்தன. முடிந்த மணி, பாதி துளைத்த மணி, வேலை தொடங்காத மூலக்கல் எல்லாம் அருகருகே. அப்படிப்பட்ட வட்டாரத்தில் இன்று காங்கயக் கல்லைக் கழுத்தில் அணிந்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பி வேலைக்கு வருவோம். மெருகேற்றாத சந்திரகாந்தக் கல் கட்டுவதற்குச் சிரமமானது. மோஸ் அளவில் அதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான். அதோடு ஏறக்குறையச் செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு திசைகளில் அது எளிதில் பிளக்கும். கல்லின் மேல் கம்பியை வைத்துக் குறடால் இறுக்கினால் ஓரம் ஏடாகப் பெயர்ந்து விழும். ஆகவே தெரிந்தவர்கள் கட்டு வேலையைக் கல்லுக்கு வெளியே வைத்தே செய்துகொள்கிறார்கள். சுமார் 0.8 மில்லிமீட்டர் கம்பி மூன்று அல்லது நான்கை ஒட்டி வைத்து, 0.4 மில்லிமீட்டர் கம்பியால் இடையிடையே சுற்றி ஒரு பட்டையாக்குவார்கள். பட்டையைக் கல்லின் இடுப்பைச் சுற்றி வளைத்து, மேலே நுனிகளைக் கூட்டி முறுக்கிக் கொக்கியாக்குவார்கள். பிறகு முன்புறக் கம்பிகளில் ஒன்றிரண்டை மட்டும் நகத்தால் மெல்ல இழுத்துக் கல்லின் முனைகளில் படியவிடுவார்கள். கல்லைத் தாங்குவது அந்த ஒன்றிரண்டு வளைவுதான். கம்பியை வளைக்க வளைக்க அது விறைக்கும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியும். ஆக, யோசித்து ஒருமுறை வளைக்க வேண்டும்.

எந்த முகத்தை முன்னால் வைப்பது என்பதுதான் இதில் பெரிய முடிவு. ஒளி எல்லாப் பக்கமும் தெரியாது. கல்லை நனைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு கோணத்தில் மட்டும் நீலம் எழும்பும். அந்தக் கோணம் கல்லின் கோணலான பக்கத்தில் இருந்தால் கட்டும் கோணலாகத்தான் வர வேண்டும். இலங்கைக் கடற்கரையில் ஒரே ஆள் கல் வாங்கி, கட்டி, விற்கும் கடைகளில் இந்தக் கோணல் கட்டுகளைப் பார்க்கிறேன். எனக்கு அவை மிகவும் பிடிக்கும். நல்ல கல் எல்லாம் மெருகுக்குப் போய்விடுகிறது. கம்பிக்கு மிஞ்சுவது சிறியதும் விரிசல் உள்ளதும்தான். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனியாக யோசித்தே ஆக வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்து உருண்டைக் கற்களுக்கு அந்தப் பட்டை முறை சரிவராது, பிடிப்புக்கு விளிம்பு இல்லை. அவற்றுக்குச் சுருள் கூடு பின்னுகிறார்கள்.

இந்தியாவில் பெரும்பங்கு மொத்த வியாபாரம். எந்த மூலையில் கல் எடுத்தாலும் ஜெய்ப்பூரில் அதற்கு ஒரு சந்தை உண்டு. அகேட் கல்லுக்குக் குஜராத்தின் கம்பாத் உண்டு. கல்லை உடைத்து ஏறக்குறைய ஒரே அளவாக்கி, எண்ணிக்கைக் கூலிக்கு வேலை கொடுத்தால் கட்டும் ஒரே அச்சாக அமைந்துவிடுகிறது. செம்புக் கம்பி வளையத்துக்குள் கிளை பரப்பிய மரமும், அதில் கோத்த கல் துணுக்குகளும் அந்த வகை. விரைவுக்காகப் பசை தொட்டு ஒட்டுவதும் நடக்கிறது. இன்னொரு வழியில் கம்பியே இல்லை, கல்லின் ஓரத்தில் மின்கடத்தும் பூச்சைத் தடவி அதன்மேல் செம்பு முலாம் ஏற்றிவிடுகிறார்கள். குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒளி எழும் முகம் பின்பக்கம் போய்விட்ட சந்திரகாந்தக் கல்லைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

கம்பி விஷயத்தில் நிலைமை தலைகீழ். இலங்கைக் கடற்கரைக் கடைகளில் கல் தேர்வு நன்றாயிருக்கும், கம்பி பல நேரம் மெல்லியதாகவோ முலாம் பூசியதாகவோ இருக்கும். உப்புக் காற்றில் முலாம் தேய்ந்து உள்ளே இருக்கும் செம்பு கறுக்கும், வியர்வை பட்டுத் தோலில் பச்சை இறங்கும். 92.5 சதவீத வெள்ளிக் கம்பியும் கறுக்கத்தான் செய்யும், துடைத்தால் பளபளப்பு திரும்பிவிடும். ஆனால் விலை கூடும், பயணி பேரம் பேசுவார். இந்தியாவிலோ கம்பி என்றாலே கரைகண்டவர்கள் இருக்கிறார்கள். கட்டாக்கிலும் கரீம்நகரிலும் தலைமுடி போல வெள்ளி இழை இழுத்துப் பின்னுகிறார்கள். அந்தக் கை கரடுமுரடான கல்லின் பக்கம் இன்னும் திரும்பவில்லை. கொழும்பு செட்டியார் தெருவின் தமிழ்ப் பத்தர்களும் அப்படித்தான். தங்கத்தில் தேர்ந்தவர்கள், மெருகேறாத கல் அவர்கள் மேசைக்கு வருவதில்லை.

மெருகேற்றாத கல் என்றால் மாற்றம் செய்யாத கல் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். அது தவறு. மஞ்சள் படிகமாக விற்கும் கூர்முனைகளில் மிகப் பல சூட்டில் நிறம் மாறிய செவ்வந்திக்கல். கம்பாத்தில் அகேட்டைச் சுட்டுச் சிவப்பாக்குவது வெகு பழைய தொழில். இலங்கையில் பால்போல் மங்கிய கெவுடக் கல்லைச் சுட்டு நீலக்கல் ஆக்குகிறார்கள். சுடுவதில் குற்றமில்லை, சொல்லாமல் விற்பதில்தான் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் கேட்டால் சொல்பவர்கள் உண்டு, கேளாமலே சொல்பவரிடம் நான் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறேன்.

கொங்குநாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோவை, நகை செய்யும் பெரிய ஊர். அச்சு வார்ப்பும் இயந்திரச் சங்கிலியும் வந்தபின் கையால் கம்பி இழுத்து வேலை செய்தவர்களுக்கு அங்கே வேலை சுருங்கிவிட்டது. காங்கயம் அங்கிருந்து பக்கம்தான். சாம்பல் நிறச் சந்திரகாந்தக் கல் வெள்ளிக் கம்பியோடு மிக நன்றாகச் சேரும், பீச் நிறம் செம்போடு சேரும். அந்தப் பத்தர்களுக்குக் கம்பியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரம் பெயராமல் கல்லைப் பிடிப்பதையும், நனைத்துத் திருப்பி முகம் தேடுவதையும் அறுகம்குடாவில் ஒரு பருவம் உட்கார்ந்து பார்த்தால் கற்றுக்கொள்ளலாம். அங்கே கடை போட்டிருப்பவர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறைய.