கூட்டமும் கூட்டுணர்வும்

பலர் நிற்கும் இடத்தில் தனிமனிதனின் உதவும் உள்ளம் தளர்ந்துவிடுகிறது என்பது உளவியலார் கூற்று. அமெரிக்காவில் லட்டானே, டார்லி என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்றாகக் காட்டப்படும். வேறோர் அறையில் ஒருவர் வலிப்புற்றுத் திணறும் குரல் கேட்கிறது. தாம் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களுள் நூற்றுக்கு 85 பேர் அக்குரல் ஓயுமுன் உதவி நாடினர். வேறு நால்வரும் கேட்பதாக நம்பியவர்களுள் 31 பேரே நாடினர். 'மற்றவன் பார்த்துக்கொள்வான்' என்னும் நினைப்பே காரணமாம்.

இக்கூற்றை நம் மலையக வாழ்வில் உரைத்துப் பார்ப்போம்.

பெரகலச் சந்தியிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் உள்ளது கொஸ்லந்தை. அதனை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்டோர் அனைவரின் உடல்களும் மீளவில்லை. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் என்ன? நிலம் அரசினுடையது, 1992 முதல் தோட்ட நிருவாகம் கம்பனிகளுடையது, வீடமைப்பு அமைச்சினுடையது, சந்தா சங்கங்களுடையது. உயிர் மட்டுமே தொழிலாளியுடையது! 'சொல்லியும் மக்கள் போகவில்லை' என்று பின்னர்ப் பழி கூறினர். குடியிருக்கும் அறையின் மீதே உரிமையற்றவன் எங்கே போவான்? 2016இல் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. அவை 2011இலேயே எழுந்திருக்கக் கூடாதா?

உளவியலார் கூற்று ஈண்டுப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் அவர்தம் சோதனையில் கேட்டவர் அனைவரும் சம வலிமையினர், ஒருவரையொருவர் அறியாதவர். மீரியபெத்தையில் அறிந்திருந்தவர்களோ சமமானவர் அல்லர். அதிகாரம் உடையோரின் வாளாமையையும் அதிகாரம் அற்றோரின் கையறு நிலையையும் 'கூட்டத்தின் இயல்பு' என ஒரே பெயரால் அழைப்பது குற்றவாளியை மறைப்பதாகும்.

மேலும், லயமும் ஒரு கூட்டமன்றோ? ஒரு சுவர்க்கு அப்பால் அழுகுரல் கேட்டால் ஓடிவருவது அக்கூட்டந்தான். சாவு வீட்டுச் செலவைப் பகிர்ந்து சுமப்பதும் அதுவே. மண் சரிந்தபின் உறவும் அயலும் திரண்டு வந்தன. ஆகவே, எண்ணிக்கை மனிதனைக் கல்லாக்குவதில்லை. பொறுப்பு இன்னாருடையது என வரையறுக்கப்படாத அமைப்பே கல்லாக்குகிறது.

இதில் எழுத்தாளர்க்கும் பாடம் உண்டு. தோட்டத் துயரைக் கண்டு கண்ணீர் சிந்திவிட்டு ஏட்டை மூடும் வாசகனும் அந்தப் பார்வையாளர் கூட்டத்தில் ஒருவனே. அவனை மேலும் அழவைக்கும் கதைகள் நமக்குப் போதும். யார், எப்போது, எதனைச் செய்யத் தவறினர் என்று கேட்கவைக்கும் எழுத்தே இனி வேண்டுவது.