சித்ரகிரீவனை வடசென்னையில் வாசிப்பது

வடசென்னையில் புறாவைப் பற்றித் தெரியாத பிள்ளை குறைவு. காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் மொட்டை மாடியில் கம்பிவலை அடித்த மரக்கூண்டு ஒன்று கண்ணில் படும். சாதா என்றால் கூண்டுக்கு மேலேயே மணிக்கணக்கில் உயரப் பறப்பது. கர்ணம் என்றால் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுவது. ஹோமர் என்றால் விஜயவாடாவிலோ நாக்பூரிலோ கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடி வருவது. ஆறாம் வகுப்புப் பையன் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வான். அவனிடமே பிடித்த விலங்குக் கதை எது என்று கேட்டுப் பாருங்கள். காக்கா வடை திருடியதைச் சொல்வான், அல்லது ஆமையும் முயலும் என்பான். அவன் வளர்க்கும் பறவைக்கும் அவன் படிக்கும் பறவைக்கும் நடுவே ஏன் இத்தனை தூரம்?

நம் இலக்கியத்தில் புறாவுக்கு இடமில்லாமல் போய்விடவில்லை. புறநானூற்றுப் புலவர்கள் சோழனைப் பாடும்போது, பருந்துக்குத் தப்பி வந்த புறாவுக்காகத் துலாக்கோலில் ஏறிய அவன் முன்னோனை நினைவூட்டுகிறார்கள். பஞ்சதந்திரத்தில் வேடனின் வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றுகூடி வலையோடு பறக்கின்றன. எலி நண்பன் வலையை அறுக்க வரும்போது புறாக்களின் அரசன் சித்ரகிரீவன், முதலில் என் கூட்டத்தாரின் கட்டை அறு என்கிறான். பஞ்சதந்திரக் கதைகளைச் சென்னைக் கல்விச் சங்கத்துப் புலவர் தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடையில் தந்தார். மேன்மையான கதைகள்தான். ஆனால் ஒன்றில் புறா அரசனின் அருளை அளக்க உதவுகிறது, மற்றொன்றில் தலைவனின் கடமையைச் சொல்ல உதவுகிறது. அது என்ன தின்னும், எத்தனை நாள் அடைகாக்கும், எதைக் கண்டால் நடுங்கும் என்பதற்கெல்லாம் அங்கே வேலையில்லை. நீதியைச் சொல்லி முடித்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. வகுப்பறையில் இன்றுவரை கேட்கப்படும் ‘இக்கதையால் நாம் அறிவது என்ன?’ என்ற கேள்வி இந்த வழியில் வந்ததுதான். அதற்கு ஒரே விடைதான் உண்டு, அது ஆசிரியருக்கு முன்பே தெரியும்.

அதே சித்ரகிரீவன் என்ற பெயரில் 1927இல் இன்னொரு புறா பிறந்தது. அதை எழுதியவர் தன் கோபால் முகர்ஜி. கல்கத்தாவுக்கு அருகில் 1890இல் பிறந்து, இளம் வயதில் ஜப்பான் வழியாக அமெரிக்கா போய், அங்கேயே எழுத்தை நம்பி வாழ்ந்தவர். அந்தப் பெயரையே ஆங்கிலமாக்கி ‘கே நெக்: ஒரு புறாவின் கதை’ என்று தலைப்பிட்ட அந்த நாவலுக்கு 1928இல் நியூபெரி பதக்கம் கிடைத்தது. அமெரிக்கக் குழந்தை இலக்கியத்தின் தலையாய அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவர். கல்கத்தாவில் ஒரு பையன் மாடியில் புறா வளர்க்கிறான். குஞ்சு வளர்கிறது, பறக்கக் கற்கிறது, திசை பழகுகிறது, இமயமலைக்குப் போகிறது, முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் செய்தி சுமக்கப் போய்க் காயத்தோடும் பயத்தோடும் திரும்புகிறது. சில அத்தியாயங்களைப் புறாவே சொல்கிறது.

விலங்கு பேசலாமா, நினைக்கலாமா என்பது பழைய வழக்கு. அன்னா சுவெல் 1877இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’யில் குதிரையே தன் வரலாற்றைச் சொன்னது. ஒரு நாயைப் பற்றிய ஜாக் லண்டனின் ‘கானகத்தின் குரல்’ 1903இல் வந்தது. பெரியசாமித் தூரன் அதைத் தமிழாக்கினார். அதே 1903இல் ஜான் பரோஸ் என்ற இயற்கை எழுத்தாளர், விலங்குகளுக்கு மனித மனத்தைப் பொருத்தும் எழுத்தாளர்களைக் கடுமையாகச் சாடினார். 1907இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே இந்தச் சண்டையில் இறங்கி லண்டனைக் குறை சொன்னார். என் நாய்கள் யோசித்துச் செய்ததாக நான் எழுதவில்லை, அவை செய்ததைத்தான் எழுதினேன் என்ற பொருளில் லண்டன் பதில் சொன்னார். பெரியவர்கள் பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்கில் நடத்திய இந்த வழக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒரு மாலையில் நடத்திவிட முடியும். அதற்கு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிராணி கதையில் இருக்க வேண்டும்.

வடசென்னையில் அந்தப் பிராணி புறா என்பதில் எனக்கு ஐயமில்லை. முகர்ஜியின் முதல் அத்தியாயங்களை எடுத்துக்கொள்வோம். தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கின்றன. இதைப் படித்ததுமே மாடிவீட்டுப் பிள்ளை குறுக்கிடுவான். பகலில் ஆண் உட்காரும், சாயங்காலத்திலிருந்து காலைவரை பெண் உட்காரும், பதினேழு பதினெட்டு நாளில் ஓடு உடையும் என்று நேரக்கணக்கே சொல்வான். குஞ்சுக்கு முதல் நாட்களில் இரண்டுமே தொண்டைப்பையில் சுரக்கும் பாலை ஊட்டும் என்பதை அவன் கண்ணால் பார்த்திருப்பான். அது ஏன் சுரக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அறிவியல் ஆசிரியர் உள்ளே வர வேண்டிய இடம் இது. அடுத்து, பறக்கத் தயங்கும் மகனைத் தகப்பன் புறா மாடிச்சுவரின் விளிம்புவரை நெருக்கித் தள்ளிவிடும் காட்சி வருகிறது. இதில் கட்டாயம் வாக்குவாதம் மூளும். “அதெல்லாம் தள்ளாதுண்ணா, பசிச்சா தானா பறக்கும்” என்று ஒருவன் சொன்னால், இல்லை எங்கள் வீட்டில் கொத்தித் துரத்தியது என்று இன்னொருத்தி சாட்சி சொல்வாள். அப்போது புத்தகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. படிப்பில் பின்தங்கியவன் என்று பெயரெடுத்த பிள்ளை அந்த அறையில் நிபுணனாகிறான். இலக்கிய உரையாடலில் இதைவிடப் பெரிய பேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

வல்லூறுகள் இந்த நாவலில் கொடியவையாகவே வருகின்றன. புறா வளர்ப்பவன் பார்வையில் அது இயல்பு. வடசென்னை மாடிகளிலும் பைரி என்ற வல்லூறு வட்டமிட்டால் எல்லோரும் கத்துவார்கள். ஆனால் பைரிக்கும் எங்கோ ஓர் உயரத்தில் குஞ்சு காத்திருக்கிறது. இதே கதையை அந்தக் கூட்டிலிருந்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? நம் சினிமா இந்தப் பறவைகளைச் சுற்றி வந்திருக்கிறது. ‘மாரி’ (2015) சென்னைப் புறாப் பந்தயத்தை ஒரு தாதா கதைக்குப் பின்புலமாக்கியது. ‘பைரி’ (2024) நாகர்கோவில் பக்கத்துப் பந்தயத்தைக் காட்டியது. இரண்டிலும் கதையின் பாரம் மனிதர்களின் பகைமீதே இருக்கிறது. அதில் தவறில்லை. புறாவின் பக்கம் நின்று யோசிக்கும் வேலை மட்டும் வாசிப்புக்கு மிச்சமிருக்கிறது.

நாவலின் நெஞ்சை அறுக்கும் கேள்வி போரில் வருகிறது. அன்போடு வளர்த்த பறவையை அந்தப் பையன் குண்டுமழைக்குள் அனுப்பச் சம்மதித்தது சரியா? 1918இல் பிரான்சில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றின் செய்தியைச் சுமந்து, காலில் குண்டுபட்டும் வந்து சேர்ந்த ஷெர் அமி என்ற புறாவை அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஒடிசா காவல்துறை 1946இல் தொடங்கிய புறாத் தபாலை 1999 பெரும்புயலிலும் பயன்படுத்தியது. இந்தச் செய்திகளைப் பிள்ளைகள் வீரக்கதைகளாகக் கேட்பார்கள். அப்படியே விட்டுவிடக் கூடாது. பந்தயத்துக்குப் போன ஹோமர்கள் எல்லாம் திரும்புவதில்லை. வெயிலும் மழையும் பைரியும் கம்பியும் வழியிலேயே பலவற்றை முடித்துவிடும். அன்று மாலை கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பையன்மீது குற்றம் சுமத்தவும் உரிமை உண்டு, அவனுக்காக வாதாடவும் உரிமை உண்டு.

குறையையும் சொல்லியாக வேண்டும். போரில் பயந்துபோன புறாவும் அதை அழைத்துச்சென்ற வேட்டைக்காரர் கோண்டும் இமயத்துப் புத்த மடாலயத்தில் பிரார்த்தனையால் குணமடைகிறார்கள். கீழைநாட்டு ஞானத்தைத் தேடிய அமெரிக்க வாசகருக்கு அது பிடித்திருக்கலாம். எனக்கு நாவல் அங்கே தளர்கிறது. மனக்காயத்தைப் பேச நினைத்த முகர்ஜியின் துணிவை மெச்சலாம், ஆனால் மருந்து இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்க வேண்டாம்.

தமிழில் உடன்வைத்துப் படிக்க நூல்கள் இருக்கின்றன. 2010இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ ஒன்று. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) ஒரு வெள்ளாட்டின் வாழ்க்கை. பெரியவர்களுக்காக எழுதியது என்றாலும் ஒன்பதாம் வகுப்புக்கு மேலானவர்களோடு தாராளமாகப் பேசலாம். என் முதல் பரிந்துரை மா. கிருஷ்ணன் (1912–1996). அ. மாதவையாவின் மகன், சென்னைக்காரர். சந்தூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தபோது தபாலுக்காகப் புறா வளர்த்துப் பார்த்தவர். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பில் உள்ள அவருடைய கட்டுரைகளில் பறவை பறவையாகவே இருக்கும். கதைக்கும் கவனிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை, இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் போதும்.

எண்ணூருக்கு வந்தால் பறவை மாறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பரவிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தை மூடியது. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெய் அப்பித் திரிந்ததை அந்தக் கரைப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். அப்பாவின் படகிலும் வலையிலும் அதே எண்ணெய்தான். அவர்களிடம் விலங்கு நாவலைப் பேசும்போது, பறவையின் துன்பமும் வீட்டின் துன்பமும் தனித்தனியாக வராது. அந்தக் கூழைக்கடாவுக்கு ஒரு நாவல் வேண்டும். அந்தக் கரையில் வளர்ந்த ஒருவர் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதுவரை முகர்ஜியின் புத்தகத்தை யாரும் தாராளமாகக் கையாளலாம். ஆசிரியர் 1936இல் மறைந்ததால் நம் நாட்டில் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவிலும் 2023 முதல் பொதுச்சொத்து. அத்தியாயங்களை வெட்டலாம், வடசென்னைப் பேச்சில் திருப்பிச் சொல்லலாம். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குஞ்சு பொரிப்பதும் பறக்கப் பழகுவதும் திசை கற்பதுமான முதல் மூன்று அத்தியாயங்களே பல வாரங்களுக்குக் காணும். போர்ப் பகுதியை எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கிளை நூலகத்தில் ஞாயிறு காலை இந்த வாசிப்பை நடத்துவதாக இருந்தால், பந்தயக் காலமான கோடையின் தொடக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளைகள் அப்போது மாடியில் இருப்பார்கள்.