பீர் குடிக்க ஓர் அரண்மனை

லிவர்பூலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பீட்டில்ஸைத் தேடித்தான் அலைகிறார்கள். அலையட்டும். நீங்கள் நேராக ஹோப் தெருவுக்குப் போய், ‘ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ்’ பப்புக்குள் நுழைந்துவிடுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘ஃபில்’.

வாசலில் இருக்கும் ஆர்ட் நூவோ பாணி உலோகக் கதவைத் தாண்டவே எனக்கு நேரம் பிடித்தது. உள்ளே, அடேயப்பா! கவுன்டரின் முகப்பு மொசைக். தரையும் மொசைக், மிதிக்கவே மனசு வரவில்லை. மஹோகனி மரத்தடுப்புகள், வண்ணக் கண்ணாடிகள், தாமிரத் தகட்டைத் தட்டித் தட்டி எழுப்பிய உருவங்கள். கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தால் தகட்டின் ஏற்ற இறக்கங்களில் விளக்கொளி வழுக்கிக்கொண்டு போகிறது. கையில் இருந்த பீரை மறந்தேவிட்டேன்.

ராபர்ட் கெய்ன் என்ற பீர் முதலாளிக்காக, வால்டர் தாமஸ் என்ற கட்டடக் கலைஞர் 1898க்கும் 1900க்கும் இடையில் கட்டியது இது. அங்கிருந்த பல்கலைக் கல்லூரியின் கலைப்பள்ளியைச் சேர்ந்த சிற்பிகளும் கைவினைஞர்களும் கூடி இழைத்திருக்கிறார்கள். எதிரே இசை அரங்கு இருப்பதால் சின்ன அறைகளுக்கு பிராம்ஸ், லிஸ்ட் என்று இசையமைப்பாளர்களின் பெயர். (இப்போதுள்ள அரங்கு 1939இல் திறந்தது, பப் அதைவிட மூத்தது!) பழைய பில்லியர்ட்ஸ் அறையில் சார்ல்ஸ் ஆலன் வடித்த சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது ஆண்கள் கழிப்பறை. சிரிக்காதீர்கள். சிறுநீர்த் தொட்டிகள் ரோஜா நிறப் பளிங்கில், ஆள் உயரத்துக்கு, மண்டபத் தூண் போல நிற்கின்றன. உள்ளே ஆள் இல்லையா என்று விசாரித்துக்கொண்டு பெண்களும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பைன்ட் பீருக்கு வருகிறவன் ஒதுங்கும் மூலையில்கூடக் கஞ்சத்தனம் காட்டாத அந்த முதலாளிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

2020இல் இதற்கு முதல் தரப் பாதுகாப்புத் தகுதி கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் ரொம்பத் தாமதம். பீட்டில்ஸ் ரசிகர்களும் ஏமாற வேண்டாம்: 2018இல் பால் மெக்கார்ட்னி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இங்கே திடீரென்று தோன்றிப் பாடி, குடித்துக்கொண்டிருந்தவர்களைத் திக்குமுக்காட வைத்தார். எதிர் அரங்கில் கச்சேரி நடக்கும் நாள் மாலையில் மட்டும் போகாதீர்கள். தோள்களுக்கு நடுவே மொசைக் தெரியாது.