மாலேகானின் சுப்பர்மேனும் மருதமுனையின் கசெற்றும்

பைஸா அஹ்மத் கான் இயக்கிய 'சுப்பர்மென் ஒஃப் மாலேகான்' (2008) ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதை ஒரு சிரிப்புப் படமாகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சிரிப்பு வருவது உண்மைதான். ஊதினால் பறந்துவிடக்கூடிய ஒரு தறித்தொழிலாளி சுப்பர்மேன் உடுப்போடு நிற்கிறார். இரண்டாந்தரம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாலேகான், மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் விசைத்தறி நகரம். தறிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அங்கு வீடியோக் கொட்டகை நடத்திய நாஸிர் ஷேக், பிறநாட்டுப் படங்களை ஓட்டி ஓட்டியே படக்கலையைக் கற்றார். இரண்டு டெக்குகளை இணைத்துப் படத்தொகுப்புப் பழகினார். 2000இல் 'மாலேகான் கே ஷோலே' எடுத்தார். நடித்தவர்கள் ஊரவர்கள். கொள்ளையர்களுக்குக் குதிரைக்குப் பதில் சைக்கிள்.

அவருடைய 'மாலேகான் கா சுப்பர்மேன்' உருவாவதைத்தான் ஆவணப்படம் பின்தொடர்கிறது. சைக்கிளில் கமரா நகர்கிறது. மாட்டுவண்டி கிரேன் ஆகிறது. லொறியில் கட்டிய பச்சைத்துணி ஆகாயமாகிறது. இடையில் கமரா தண்ணீரில் விழுகிறது. கதாநாயகன் ஷபீக் ஷேக்கின் கல்யாணத்துக்காகப் படப்பிடிப்பு நிற்கிறது.

தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவன் என்பதால், இப்படிப்பட்ட படைப்பைக் கண்டதும் 'வெறும் போலச்செய்தல்' என்று ஒதுக்கவே என் கை போகும். ஆனால் நாஸிர் எதை மாற்றினார் என்று பாருங்கள். அவருடைய வில்லன் அழுக்கை நேசிப்பவன். அவருடைய சுப்பர்மேன் ஆஸ்துமாக்காரன். மாலேகானின் புகையும் சாக்கடையும் கதைக்குள் வந்துவிட்டன. ஹொலிவுட்டிடம் வாங்கியது உடுப்பை மட்டும்தான்; அதற்குள் இருப்பது ஊர். 2006 செப்டெம்பரில் குண்டுகள் வெடித்த இடம் என்றே செய்திகள் அறிந்த ஓர் ஊரை, இந்த மனிதர்கள் தங்கள் வாயாலேயே சொல்லவைத்தார்கள். நமக்கும் இது தெரியாத விஷயமில்லை.

பைஸாவின் பலம், அவர் இவர்களைக் கேலி செய்யவுமில்லை, தூக்கிப் பிடிக்கவுமில்லை என்பது. கதையெழுதும் பரோக் ஜாப்ரி மும்பைக் கனவைப் பற்றிப் பேசும்போது கமரா பொறுமையாகக் காத்திருக்கிறது. குறை ஒன்று உண்டு. ஊர்ப் பெண்கள் நடிக்க முன்வராததால் வெளியூரிலிருந்து நடிகையை அழைக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்களின் குரலுக்குப் படத்தில் இடம் மிகக் குறைவு. இயக்கியவரே ஒரு பெண் என்பதால் இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது.

2024இல் ரீமா காக்தி இதே கதையை 'சுப்பர்போய்ஸ் ஒஃப் மாலேகான்' என்று தொழில்முறை நடிகர்களை வைத்து எடுத்தார். நேர்த்தியான படம். ஆனாலும் நான் ஆவணப்படத்தின் பக்கம்தான். அதில் தையல் பிரிந்தது பிரிந்தபடியே தெரிகிறது. ஷபீக் 2011இல் புற்றுநோயால் இளவயதில் மரணமானார். அவருடைய உண்மையான முகம் இருப்பதும் அதில்தான்.

இனி, என் சிரிப்பு அடங்கிய காரணம். எங்கட ஊரும் தறி ஊர்தான். மருதமுனைச் சாரனை அறியாதவர் யார்? உயர்தரம் படித்த காலத்தில் நாங்கள் நான்கு பேர், கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கமராவைக் கெஞ்சி வாங்கி, ஒரு நெசவாளியின் கதையை எடுத்தோம். நாற்பது நிமிடம். இரண்டு டெக்கில் வெட்டி ஒட்டினோம். ஒரு வீட்டில் ஒரே ஒருதரம் போட்டோம். "படிக்கிற வயசில இது என்ன கூத்து?" என்றார்கள் பெரியவர்கள். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். கசெற்றைக் கமராக்காரரிடமே விட்டுவிட்டேன். அவர் அதன்மேல் ஒரு கல்யாணத்தைப் பதிந்துவிட்டார். இன்றும் கமராவைக் கண்டால் நின்று பார்க்கிறேன், பிறகு நடந்துவிடுகிறேன். நாஸிர் நடக்கவில்லை. அவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் திறமை அல்ல என்பது இப்போது விளங்குகிறது.

சென்ற வருடம் தரம் பதினொன்று மாணவன் ஒருவன் போனில் எடுத்த பன்னிரண்டு நிமிடப் படத்தைக் கொண்டுவந்தான். "சேர், பார்த்துச் சொல்லுங்க." எழுத்தோட்டத்தில் ரகர றகரப் பிழை மூன்று இருந்தது. அதை மட்டும்தான் சொன்னேன். பெரியவர்கள் எனக்குச் செய்ததைவிட நான் செய்தது குறைவானதல்ல.

படத்தை இரண்டாந்தரம் பார்த்த மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அழிச்சிட்டன் சேர், போன்ல இடமில்ல" என்றான்.

மறுபடி எடு என்று சொல்லியிருக்கிறேன். எழுத்துப் பிழையைக் கடைசியில் பார்ப்போம்.