‘குண்டாஸ் போடு’ என்று நாம் கேட்பது

ஒரு சாதிக்கொலை நடந்தால், தாமிரபரணியில் மணல் அள்ளினால், நெல்லைப் பக்கம் நம் தோழர்கள் ஒட்டும் சுவரொட்டியில் ஒரு வரி வந்துவிடுகிறது: குண்டர் சட்டத்தில் கைது செய். கேட்கிறவர்களின் கோபத்தில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்கிற பொருளில்தான் சந்தேகம்.

1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டமான அது தண்டனைச் சட்டமே இல்லை. நடந்ததற்காக அல்ல, இனி நடக்கக்கூடும் என்பதற்காக ஒருவனை 12 மாதம் வரை உள்ளே வைக்கிறது. கையெழுத்துப் போடுவது கலெக்டர் அல்லது போலீஸ் கமிஷனர். கோர்ட் விசாரணைக்குப் பதில் அறிவுரைக் கழகம். அங்கே வக்கீல் வைத்துப் பேச உரிமை கிடையாது. சாராயம், போதை மருந்து, குண்டர் என்று தொடங்கிய பட்டியலில் பிற்பாடு மணல் கடத்துபவரும் சேர்ந்தார், திருட்டு வீடியோ விற்றவரும் சேர்ந்தார். (வீடியோ கடைகள் போய்விட்டன, பட்டியல் போகவில்லை.) கொலைக்குத்தான் கொலை வழக்கு இருக்கிறதே, பிறகு எதற்குக் குண்டாஸ்? ஜாமீனில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக் காவல் செல்லாது என்று ரேகா வழக்கில் 2011இல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகும் நடைமுறை இதுதான்.

இந்த ஊருக்கு இது புதுசு இல்லை. விபின் சந்திர பாலின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடிய வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப அய்யங்கார் மூவரையும் 1908 மார்ச் 12 அன்று திருநெல்வேலியில் காவலில் வைத்தார் கலெக்டர் விஞ்ச். அமைதி கெட்டுவிடும், ஆகவே ஜாமீன் கொடு என்பதுதான் அன்றைய பேச்சு. மறுநாள் நகராட்சி அலுவலகமும் போலீஸ் ஸ்டேஷனும் தபால் ஆபீசும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். அமைதியைக் காக்கச் செய்த கைதே அமைதியைக் கெடுத்தது. சர்க்கார் அதை அப்படி வாசிக்குமா? கைது காரணமில்லை, அவர்களுடைய பேச்சுதான் காரணம் என்றாயிற்று. ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. பிடித்த பிறகு ஒன்றும் நடக்காவிட்டால், பிடித்ததால் நடக்கவில்லை. நடந்துவிட்டால், பிடித்தது சரிதான். இந்த ஆட்டத்தில் அதிகாரம் தோற்க வழியே கிடையாது.

‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்டுக்கொண்டிருந்த நீதி ‘நீ யார்’ என்று கேட்கத் தொடங்கிய இடத்தில் ‘ஆபத்தான தனிமனிதன்’ உற்பத்தியாகிறான் என்பார் ஃபூக்கோ. அவர் பேசியது ஐரோப்பாவை. நம்மூரில் ‘நீ யார்’ என்றால் என்ன சாதி என்று அர்த்தம். 1911இன் ரேகைச் சட்டம் கள்ளரையும் மறவரையும் குறவரையும் பிறப்பிலேயே குற்றவாளியாக்கிக் கைரேகை வாங்கியது. 1947இல் சென்னை மாகாணம் அதை ரத்து செய்தது. 1948இலேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்து உட்கார்ந்தது. அதே ‘வழக்கமாக’ என்ற சொல்தான் குண்டர் என்பதற்கான வரையறையிலும் முதலில் இருந்தது. ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்ட பையனை ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒவ்வொரு குருபூசைக்கும் 110 போட்டு இழுத்துப் போவார்கள். 2024 ஜூலையிலிருந்து 110 போய் 129 என்றாகியிருக்கிறது.

இதைச் சொன்னபோது ஒரு தோழர் கோபப்பட்டார். “நீரு தத்துவம் பேசிக்கிட்டு இரும். அவன் வெளிய வந்துட்டான்னா சாட்சி சொல்ல எவன்வே வருவான்?” லேசில் ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை இது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சாட்சிகளுக்குப் பாதுகாப்பும், ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தன் பேச்சைச் சொல்லும் உரிமையும் தந்திருக்கிறது. ஜாமீன் கொடுக்காதே என்று கோர்ட்டில் எழுந்து நின்று காரணத்தோடு வாதாடலாம். எதிரே வக்கீல் இருப்பார், பதில் சொல்வார், கஷ்டம்தான். குண்டாஸில் அந்தக் கஷ்டம் இல்லை என்பதே நமக்கு அதன் கவர்ச்சி.

1999 ஜூலை 23ஐ இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிறையிலிருந்த 600க்கும் மேற்பட்ட மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடுதலை செய் என்று மனுக் கொடுக்கப் போனது அந்த ஊர்வலம். போனவர்கள் எதையும் கொளுத்தவில்லை. அடித்து விரட்டப்பட்டு ஆற்றில் விழுந்து செத்தவர்கள் 17 பேர், ஒரு கைக்குழந்தை உட்பட. அவர்கள் போன இடம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ். குண்டாஸ் போடச் சொல்லி நாம் மனுவோடு போய் நிற்பதும் அதே வாசலில்தான்.