நீலமலை வழியும் சீறாப்புராணப் பயணமும்

உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தின் பயணப் பகுதிகளை ஆராய்வோர் பலர் ஒரு முடிபினை எளிதில் எய்துகின்றனர். சுரத்தின் வெம்மையும் நீர்வேட்கையும் விலங்கச்சமும் பாலைத்திணை மரபின் வழிவந்தவை என்றும், காப்பியத்திற்கு வேண்டும் உறுப்புகளை நிரப்புதற்பொருட்டே புலவர் அவற்றை அமைத்தனர் என்றும் அவர் கூறுவர். இஃது ஒருபுடை உண்மையே. ஆயின் இதனையே முடிந்த முடிபாகக் கொள்ளின், இஸ்லாமியத் தமிழ்க் காப்பியம் பிறர் தறியில் நெய்த ஆடையைப் போர்த்து நிற்கும் ஒன்றாகவே எஞ்சும். பயணம் பற்றி இஸ்லாம் வகுத்த ஒழுக்கம் இக்காப்பியத்தின் அமைப்பினுள் இயங்குகின்றதா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. அவ்வொழுக்கம் வழியிற் பயின்று விளங்குவதாகலின், நீலமலை வழிகளையும் விளக்கத்திற்குத் துணையாகக் கொள்வாம்.

1. பிரிவும் பயணமும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவுக்குரிய காரணங்களாக ஓதல், பகை, தூது என்பவற்றைக் கூறுவர். பொருள்வயிற் பிரிவும் சான்றோர் பாடல்களிற் பெருவழக்கிற்று. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலாகிய இஹ்யாவில் பயண ஒழுக்கத்திற்கெனத் தனி நூற்பகுதி ஒன்று வகுத்தனர். அதன்கண் பயணத்தை நால்வகைப்படுத்தினர்: கல்வியின்பொருட்டுச் செல்வது, வணக்கத்தின்பொருட்டுச் செல்வது, சமய வாழ்வுக்கு இடையூறாவனவற்றினின்று நீங்கிச் செல்வது, உடலுக்கும் பொருளுக்கும் ஊறு செய்வனவற்றினின்று நீங்கிச் செல்வது.

ஓதற்பிரிவு இருவரிடத்தும் ஒத்துக் காணப்படுகின்றது. வேற்றுமையோ பிரிவை நோக்கும் நோக்கில் உள்ளது. அகப்பாடல் பின்னே தங்கியவளின் துயரை நோக்கும். கஸ்ஸாலியோ பின்னே தங்கியவரின் உரிமையை நோக்குவர். புறப்படுவோன் பிறர்க்கிழைத்த அநீதியைத் தீர்த்தல் வேண்டும். கடனை அடைத்தல் வேண்டும். அமானிதப் பொருளை உரியவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். தன்னைச் சார்ந்தோர்க்கு உணவுக்கு வழிசெய்தல் வேண்டும். வழியுணவு ஆகுமான பொருளாதல் வேண்டும். இவற்றின் பின்னரே நற்றுணை தேடலும் விடைபெறலும் நிகழும். எனவே, இவர் கருத்தின்படி பயணம் காலடி பெயர்ப்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது.

2. ஒழுக்கமும் சலுகையும்

கஸ்ஸாலியின் அப்பகுதி ஈரியலாக அமைந்தது. முன்னது புறப்பாடு முதல் மீட்சி ஈறாகவுள்ள ஒழுக்கங்களைக் கூறும். பின்னது பயணி அறியவேண்டிய சலுகைகளையும், தொழுகைத் திசையும் நேரமும் அறியும் முறையையும் கூறும். காலுறைமேல் தடவுதல், நீரில்லாவிடத்துத் தயம்மும் செய்தல், நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குதல், இருவேளைத் தொழுகையைச் சேர்த்தல், உபரித் தொழுகையை ஊர்தியின்மேல் தொழுதல், நடந்துகொண்டே தொழுதல், நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றல் எனச் சலுகைகள் ஏழு.

இவ்வேறுபாட்டை உணராது காப்பியத்துட் புகுவோர் இடர்ப்படுவர். சாமு நாட்டுப் பயணம் நபித்துவத்திற்கு முற்பட்டது. ஐவேளைத் தொழுகை கடமையானது மிஃறாஜின்போது. சுருக்கித் தொழும் சலுகையைக் கூறும் திருமறை நான்காம் அத்தியாயமோ மதீனாவில் அருளப்பெற்றது. ஆகலின் விலாதத்துக் காண்டத்தில் சலுகைகளைத் தேடிக் காணாது, புலவர் சமய நெறியை மறந்து பாலைத்திணையைப் பாடினர் என்றல் பொருந்தாது. ஆண்டுத் தேடற்பாலது முதலியலாகிய ஒழுக்கமே.

3. மலைவழியிற் சில விளக்கங்கள்

சலுகைக்கு அடிப்படை வருத்தமோ தொலைவோ என்னும் வினாவிற்கு நீலமலை தெளிவான விளக்கம் தருகின்றது. மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் வரையில் இருப்புப்பாதை 1899இலும், உதகை வரையில் 1908இலும் திறக்கப்பெற்றது. அதன் முழு நீளம் 46 கிலோமீட்டர். அத்தொலைவிற்குள் வழி 1,800 மீட்டருக்கு மேல் உயர்கின்றது. முற்காலத்தில் இவ்வேற்றத்தை நடந்தே கடந்தோர் பட்ட வருத்தம் பெரிது. ஆயினும் தொலைவினை அளவாகக் கொள்ளுங்கால், 48 மைல் என்னும் வழக்குக் கணக்கிற்கு இவ்வழி எட்டாது. சமவெளியில் அதனினும் நெடுந்தொலைவு வருத்தமின்றி ஊர்தியிற் செல்வோனோ சலுகைக்கு உரியவனாகின்றான். வருத்தம் சலுகையின் நோக்கமேயன்றி அதன் அளவுகோல் அன்று என்பது நூலோர் துணிபு. ஒவ்வொருவனும் தன் களைப்பைத் தானே அளந்து சட்டம் வகுத்துக்கொள்ளாமைப்பொருட்டு இவ்வரையறை வேண்டப்பட்டது.

எனினும் ஹனபி நூலாகிய ஹிதாயா மூன்று நாள் நடையை அளவாகக் கூறி, கடலிலும் மலையிலும் அவ்வவற்றிற்கு இயைந்த நடையே கொள்ளப்படும் என்னும் கருத்தையும் வைத்துள்ளது. ஷாபிஈ நெறியினர் இரண்டு கட்டத் தொலைவைக் கொள்வர். தங்கும் கால எல்லையிலும் இவர் வேறுபடுவர். ஓரூரில் 15 நாள் தங்க எண்ணிய ஹனபி பயணியல்லன். ஷாபிஈக்கோ, புகும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, நான்கு நாளே எல்லை. சுருக்கித் தொழுதல் ஹனபியர்க்குக் கட்டாயம், ஷாபிஈயர்க்குச் சலுகை. பயணத்தில் இருவேளைத் தொழுகையைச் சேர்த்தலை ஷாபிஈயர் ஏற்பர்; ஹனபியர் ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் மட்டுமே ஏற்பர்.

கூடலூர்ப் பக்கத்து மாப்பிள்ளைமார் ஷாபிஈ நெறியினர். கொங்குநாட்டினின்று மலையேறும் இராவுத்தர் ஹனபி நெறியினர். ஒரு பள்ளிவாசலில் இவ்விருவரும் கூடுங்கால் வேற்றுமை பிணக்காக மாறாமைக்கும் ஒழுக்கம் உண்டு. பயணி இமாமாக நின்றால் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்து, தாம் பயணி என்பதை அறிவித்து, உள்ளூரார் தம் தொழுகையை நிறைவு செய்யுமாறு கூறுவர். உள்ளூர் இமாமின் பின் நிற்கும் பயணியோ நான்கும் தொழுவர். வந்தாரும் இருந்தாரும் ஒரே வரிசையில் நிற்றற்கு இவ்வேற்பாடு வழிவகுக்கின்றது.

உதகையினின்று கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குவோர் 36 கொண்டையூசி வளைவுகளைக் கடப்பர். நீலமலைக்குத் தொழுகைத் திசை மேற்கே சற்று வடக்குச் சாய்ந்தது. வளைவுதோறும் ஊர்தியின் முகம் மாறும். உபரித் தொழுகையில் செல்லும் திசையே பயணிக்குத் தொழுகைத் திசையாகும். கடமையான தொழுகைக்கோ இறங்கி நின்று திசை நோக்கல் வேண்டும். இன்னும், மேட்டில் ஏறுங்கால் தக்பீரும் பள்ளத்தில் இறங்குங்கால் தஸ்பீஹும் ஓதினோம் என நபித்தோழர் ஜாபிர் வாயிலாக வந்த செய்தி புகாரியின் தொகுப்பில் உள்ளது. உயரத்தில் நிற்பவன் தன்னைப் பெரியவனாகக் கருதாது இறைவனின் பெருமையைக் கூறுகின்றான். தாழ்வில் நிற்பவன் தாழ்வெதுவும் அணுகாத அவன் தூய்மையைக் கூறுகின்றான். இவ்வாற்றால் நிலத்தின் ஏற்ற இறக்கமே தியானத்தின் ஏற்ற இறக்கமாக அமைந்துவிடுகின்றது.

4. சாமுப் பயணம்: வெளிப்படுத்தும் வழி

சபர் என்னும் அரபுச்சொல் வெளிப்படுத்தல் என்னும் பொருளுடைய வேரோடு இயைபுடையது. மாந்தரின் குணத்தை வெளிப்படுத்தலின் பயணம் அப்பெயர் பெற்றது என்பர் கஸ்ஸாலி. தமிழிலும் ஆறு, நெறி என்னும் சொற்கள் வழியையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே சுட்டுகின்றன. இக்கருத்தைத் திறவுகோலாகக் கொண்டு விலாதத்துக் காண்டத்தை நோக்குவாம்.

பாதை போந்த படலம், சுரத்திற் புனலழைத்த படலம், நதி கடந்த படலம், புலி வசனித்த படலம் முதலியன சாமு நகரை நோக்கி நிரல்படச் செல்கின்றன. மீட்சிக்குப் பின் கதீசா கனவு கண்ட படலமும் மணத்தைக் கூறும் படலங்களும் தொடர்கின்றன. வரலாற்று நூல்களின்படி, நபிகள் நாயகம் கதீசா அம்மையாரின் வணிகப் பொருளை ஏற்றுச் சென்றனர். அம்மையாரின் ஊழியர் மைசறா உடன்சென்று கண்டவற்றை உரைத்தனர். அவ்வுரையே மணத்திற்கு வழியாயிற்று. ஆகவே இப்பயணம் ஒருவரது வாய்மையை மற்றொருவர் அறிதற்குரிய தேர்வாகின்றது. பாலைத்திணையில் பொருள்வயிற் பிரிவு கூடியிருந்தாரைப் பிரிக்கும். ஈண்டோ பொருள்வயிற் பயணம் கூடாதிருந்தாரைக் கூட்டுகின்றது. புலவர் பாலையின் வண்ணங்களை மேற்கொண்டு, அதன் பயனைத் தலைகீழாக மாற்றிவிட்டனர். இதனை வெறும் பின்பற்றல் என்றல் சாலாது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாது விடல் முறையன்று. பாந்தளை வதைத்தல் இருமுறை தனிப்படலமாக வருகின்றது. அற்புதம் அற்புதத்தின்மேல் அடுக்கப்படுங்கால், உடன்சென்றோரிடத்து வெளிப்படவேண்டிய பொறுமை, பகிர்ந்துண்ணல், தலைவனுக்குக் கட்டுப்படல் ஆகிய சிறு குணங்கள் நிழலில் மறைகின்றன. மூவர் செல்லினும் ஒருவரைத் தலைவராகக் கொள்க என்னும் கருத்தமைந்த நபிமொழியின் ஆற்றல், விலங்குகளின் ஆரவாரத்தில் அடங்கிவிடுகின்றது.

5. ஹிஜ்ரத்துப் பயணம்: மனிதரிடைச் செல்லும் வழி

இக்குறை மூன்றாங் காண்டத்தில் நிறைவெய்துகின்றது. யாத்திரைப் படலம், விடமீட்ட படலம், சுறாக்கத்துத் தொடர்ந்த படலம், உம்மி மகுபதுப் படலம், மதீனம் புக்க படலம் என்னும் வரிசையை நோக்குக. முன்னைப் பயணத்தில் படலப் பெயர்கள் பெரிதும் சுரம், நதி, புலி, பாந்தள் என இயற்கையைச் சுட்டின. ஈண்டு நடுவணுள்ள மூன்றும் மனிதரைப் பற்றியன. குகையில் நஞ்சேற்றுத் தாங்கிய அபூபக்கர் வழித்துணைவர். பின்தொடர்ந்து வந்து அடைக்கலம் பெற்ற சுறாக்கத்து பகைவர். வறுமையிலும் விருந்தேற்ற உம்மி மகுபது விருந்தோம்புநர். துணைவன், பகைவன், விருந்தளிப்போன் என்னும் மூவர்பாலும் பயணி எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பதே இப்பகுதியின் பொருள்.

கி.பி. 622இல் நிகழ்ந்த இப்பயணத்தின் வரலாற்றில் வேறிரண்டு செய்திகளும் ஒழுக்கநூலோடு இயைவன. தம்மைக் கொல்லச் சூழ்ந்த ஊராரின் அமானிதப் பொருள்களைத் திருப்பி ஒப்படைக்க அலியாரை நாயகம் பின்னே நிறுத்தினர். வழிகாட்டியாக அமர்த்தப்பெற்ற அப்துல்லாஹ் இப்னு உறைக்கித்து இஸ்லாத்தைத் தழுவாதவர். வழியறிவும் நம்பகமும் நோக்கியே அவர் கொள்ளப்பட்டனர். புறப்படுவோன் அமானிதத்தை ஒப்படைக்க எனப் பிற்காலத்து நூல் விதித்தது, உயிருக்கு இடர் சூழ்ந்த இரவிலும் நிறைவேறியதைக் காண்கின்றோம்.

6. முடிபு

மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் மலைவாழ்நர் அளிக்கும் விருந்தையும் கூறிப் பரிசில் நாடுவோரை ஆற்றுப்படுத்துகின்றது. சீறாப்புராணமும் தமிழர் அறிந்த அவ்வழியிலேயே நடக்கின்றது. ஆயின் அதன் பயணி பெறுவது பரிசில் அன்று, தன் குணம் வெளிப்படலே. ஆகவே இக்காப்பியத்தைப் பயில்வோர் அகத்திணை நூலை ஒருகையிலும் பயண ஒழுக்க நூலை மறுகையிலும் கொள்ளல் வேண்டும். முன்னதை மட்டும் கொள்வோர் புலவரை இரவலராகக் காண்பர்; பின்னதை மட்டும் கொள்வோர் அவரைச் சமய உரையாளராகக் காண்பர். இரண்டையும் கொள்வார்க்கே அவர் காப்பியப் புலவராகக் காட்சியளிப்பர் என்பது இதனாற் பெறப்படும்.