ஆய்வுக்கூடமும் அரசுக் கோப்பும்

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து போனபின் காரைக்கால் கடலோர வயல்களில் உப்புப் படிந்து கிடந்ததை இப்பகுதி உழவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே, உவர்நிலத்தில் விளையும் நெல் கிடைக்குமா என்பது நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அத்தகைய நெல்லை உருவாக்க முயன்ற ஆய்வு நிறுவனத்தை நடத்தியவரும், அதை வயலில் விடலாமா என்று யார் தீர்மானிப்பது என அரசுக்கு வழி சொன்னவரும் ஒருவரே: எம். எஸ். சுவாமிநாதன்.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்து, 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற மரபியலாளர் அவர். 1979இல் வேளாண் அமைச்சகத்தின் முதன்மைச் செயலர். 1988இல் சென்னையில் அவர் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில், அலையாத்தி மரத்தின் மரபணுக்களை நெல்லுக்கு மாற்றும் பணி நடந்தது. இந்நிலையில்தான் 2004இல், வேளாண் உயிரித் தொழில்நுட்பம் பற்றிய அரசுக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். அனுமதி தரும் அமைப்பு தன்னாட்சி உடையதாக இருக்கவேண்டும் என்பது அக்குழுவின் முதன்மையான பரிந்துரை. மிகச் சரியான பரிந்துரை. ஆனால் வாசகரே, கல்லூரியில் பாடம் நடத்தியவரிடமே பல்கலைக்கழக விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதில்லை அல்லவா? ஆசிரியர் நாணயமற்றவர் என்பதாலா? இல்லை, ஏற்பாடு அப்படி இருக்கவேண்டும் என்பதால். தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது அரசு இதை எண்ணிப் பார்க்கவில்லை.

இருக்கை மாறினால் சொல்லும் மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் 'இதுவரை தெரிந்தமட்டில்' என்று எழுதலாம். கோப்பில் 'ஆம்' அல்லது 'இல்லை' வேண்டும். 2018 நவம்பரில் பி. சி. கேசவனுடன் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், பி.ட்டி. பருத்தி தோல்வியுற்றது என்றார். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்பருத்தியை எதிர்த்துப் பிழைக்கக் கற்றது உண்மை. பச்சைக் காய்ப்புழுவோ பெருமளவு அடங்கியே இருந்தது. இரண்டு அளவீடுகளை ஒன்றாக்கி ஒரே விடை எழுதிய மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் விஜயராகவன் அக்கட்டுரையைக் கடுமையாக மறுத்ததில் வியப்பில்லை. எனினும், தாம் வளர்த்த துறையையே ஐயுற்றுக் கேட்கும் துணிவு அவரிடம் இறுதிவரை இருந்தது. அவரை மறுத்த பலரிடம் அதைக் காணவில்லை.

அவர் கேட்ட தன்னாட்சி அமைப்புக்கான மசோதா 2013இல் மக்களவைக்கு வந்து, மறு ஆண்டே காலாவதியானது. 2010இல் மாறியது ஒரு பெயர் மட்டுமே: மரபணுப் பொறியியல் 'ஒப்புதல்' குழு, 'மதிப்பீட்டு'க் குழு ஆயிற்று.

சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் மறைந்தார். உவரையும் வறட்சியையும் தாங்கும் என்று 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட 'பூசா டி.எஸ்.டி. நெல் 1', மரபணுத் திருத்தத்தில் பிறந்தது. அயல் மரபணு கலவாத இத்தகைய பயிர்களுக்கு 2022இல் விலக்கு அளிக்கப்பட்டதால், அவை அந்த மதிப்பீட்டுக் குழுவின் முன் செல்ல வேண்டியதில்லை. அயல் மரபணு கலக்கவில்லை என்று முதலில் சான்று சொல்வது, பயிரை உருவாக்கிய நிறுவனத்துக்குள்ளேயே அமைந்த உயிரியல் பாதுகாப்புக் குழு. இந்நெல்லை உருவாக்கியது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். 1966 முதல் 1972 வரை சுவாமிநாதன் இயக்குநராக இருந்த அதே நிறுவனம்.